மெருகும் தூய்மையும்: இல்லத்தில் நகைத் தொழில் செய்வோர்க்குச் சில சொற்கள்

(அட்சய திருதியை விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமான் திருவடிகளை வணங்குகின்றேன். 

இன்று அட்சய திருதியை. ஆதிபகவனாகிய விருஷப தேவர் நெடுங்காலம் உணவின்றித் தவமியற்றிய பின்னர், அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச அரசன் அளித்த கரும்புச் சாற்றை ஏற்றுப் பாரணை செய்த நன்னாள். உலகிற்குத் தான நெறி தொடங்கிய நாள் என்று நாம் இதனைப் போற்றுகின்றோம். வெளியுலகில் இந்நாளுக்கு வேறொரு பெயர் ஏற்பட்டுவிட்டது. பொன் வாங்கும் நாள் என்பது அது. நகைக் கடைகளின் வாயிலில் விடியற்காலையிலேயே மக்கள் நிற்கின்றனர். அக்கடைகளின் கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் சங்கிலியும் வளையலும் அங்கு வந்து சேர்வதற்கு முன்னர், எங்கோ ஒரு வீட்டின் பின்கட்டில், யாரோ ஒருவர் கையால் மெருகேற்றப்பட்டிருக்கும். அந்த வீட்டைப் பற்றியும், அந்தக் கையைப் பற்றியும் பேசவே நான் இன்று வந்துள்ளேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் தமையனார் குடும்பத்தார் நகை மெருகிடும் தொழிலில் இருக்கின்றனர். ஆகவே இத்தொழிலைப் புத்தகத்திலும் பார்த்திருக்கின்றேன், பட்டறையிலும் பார்த்திருக்கின்றேன். நம்மவர் பெரும்பாலும் உழவையும் ஆசிரியப் பணியையும் சார்ந்து வாழ்ந்தவர்கள். இன்று வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் சில, வீட்டிலிருந்தபடியே கைத்தொழில் செய்ய முற்படுகின்றன. கடையிலிருந்து நகைகளை வாங்கி வந்து, மெருகிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலை அவற்றுள் ஒன்று. முதல் குறைவு; இடமும் சிறிது போதும்; குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். இவை யாவும் உண்மையே. குழந்தைகள் இருக்கும் இடத்திலேயே இத்தொழில் நடைபெறுகின்றது என்பதுதான் என் கவலைக்கும் காரணம்.

தொழிலை இழித்துரைப்பதற்காக நான் இதனைக் கூறவில்லை. வாளேந்திக் காத்தல், எழுதுதல், உழுதல், கல்வி, வணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் மக்களுக்குக் கற்பித்தவர் ஆதிபகவனே என்பது நம் புராண மரபு. கைவினை அந்த ஆறனுள் ஒன்று. இல்லறத்தார்க்குத் தொழில் தடை செய்யப்படவில்லை. ஆயினும் தொழிலால் நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் தனியே பிரித்துப் பெயரிட்டுள்ளனர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை, சமையல் முதலிய இல்லக் காரியங்களால் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலால் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை என நான்கு. முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டும். ஏனைய மூன்றையும் முற்றிலும் விட இயலாது. கவனத்தால் குறைக்க வேண்டும். கவனமின்மையாகிய பிரமாதமே இம்சையின் வேர் என்பது நம் நெறியின் உயிர்க் கருத்து. அந்தக் கவனம் மெருகுப் பட்டறையில் எங்கெங்கே வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தூசி.

மெருகிடும் மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2800 முறை சுழலும். அதில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள துணிச் சக்கரம் பொருத்தினால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த விளிம்பில் நகை படும்போது மூன்று பொருள்கள் காற்றில் கலக்கின்றன. ஒன்று, சக்கரத்திலிருந்து உதிரும் பஞ்சு. இரண்டு, மெருகுக் கட்டியின் பொடி. மூன்று, நகையின் உலோகம். 22 காரட் பொன்னில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே நுரையீரலின் அடிவரை செல்லும்.

மெருகுக் கட்டிகளுள் பழுப்பு நிறத்தில் டிரிப்போலி என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிலிக்கா என்னும் மணற்சத்துப் பொடியே. இது நாட்பட நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் உண்டாகும். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. இறுதி மெருகுக்குப் பயன்படும் சிவப்புக் கட்டி இரும்பு ஆக்சைடு. அதன் தீங்கு இதனினும் குறைவு. முதல் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு கலந்த கட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன. டிரிப்போலிக்குப் பதிலாக அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

மற்றொன்றும் உண்டு. கே.டி.எம். என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லி விற்ற நகைகளின் பற்றாசில் காட்மியம் கலந்திருந்தது. அது புற்றுநோய் விளைவிக்கும் உலோகம். பழைய நகையை மெருகிடும்போது, பற்றவைத்த இடங்களிலிருந்து அதுவும் பொடியாகப் பறக்கும். ஆகவே பழைய நகைக்கு இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

இத்தூசியை அடக்க வழிகள் உள்ளன. மெருகுச் சக்கரத்தை மூன்று பக்கமும் மேலும் மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் பின்புறத்தில் தூசி உறிஞ்சும் கருவியையும் வடிகட்டியையும் இணைக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்-95 வகை முகக்கவசம் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். மேல்விசிறியை ஓடவிட்டு மெருகிடுதல் கூடாது. அது தூசியை வீடெங்கும் பரப்பும். வேலை முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்குதலும் கூடாது. படிந்த தூசியை அது மீண்டும் எழுப்பும். ஈரத்துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். வேலை உடுப்பைப் பட்டறையிலேயே கழற்றிவிட்டு, கை, முகம், கழுத்து கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். தாயின் சேலையில் ஒட்டிய தூசி மடியில் படுத்த குழந்தையின் மூச்சுக்குள் போகும் என்பதை மறவாதீர்கள்.

இயன்றவர்கள் தூசியே எழாத முறைக்கு மாறலாம். நீரும் சோப்பும் நுண்ணிய எஃகு ஊசிகளும் இட்ட கலத்தைக் காந்த விசையால் சுழற்றி மெருகேற்றும் கருவி இப்போது சிறு பட்டறைகளிலும் வந்துவிட்டது. சங்கிலிகளுக்கு அது மிகவும் ஏற்றது. சுழலும் சக்கரத்தில் சங்கிலியைத் தொங்கவிட்டு மெருகிடுவது விரலுக்கு ஆபத்து. சக்கரம் சங்கிலியைப் பற்றி இழுத்தால் விரலையும் உடன் இழுத்துச் செல்லும். தளர்ந்த முந்தானையும் அவிழ்ந்த கூந்தலும் அவ்வாறே.

இரண்டாவது, அமிலமும் நீரும்.

நெருப்புப் பட்ட பொன் கறுக்கும். அதிலுள்ள செம்பு காற்றோடு கூடிக் கருமையாவதே காரணம். அக்கருமையை நீக்க நம் முன்னோர் புளி பயன்படுத்தினர். இன்று வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசல் அதே பணியைச் செய்கின்றது. சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவே. அதில் நகையை எடுக்க இரும்புக் குறடு ஆகாது. இரும்பு பட்டால் கரைசலிலுள்ள செம்பு நகைமேல் படிந்து சிவக்கும். மூங்கில், செம்பு அல்லது நெகிழிக் குறடு வேண்டும்.

விரைவாக வேலை முடிய வேண்டும் என்று சிலர் நைட்ரிக் அமிலத்தை வீட்டுக்குள் கொண்டுவருகின்றனர். அது உலோகத்தைத் தொட்டவுடன் எழும் பழுப்புப் புகை காற்றைவிடக் கனமானது. தரையோடு தாழ்ந்து படரும். தவழும் குழந்தை மூச்சுவிடும் உயரம் அதுதான். அப்புகையைச் சுவாசித்தவர் அன்று நலமாகவே இருப்பதுபோல் தோன்றுவார். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுதல் ஒரு நாள் கழித்தும் நேரலாம். ஆகவே புகை பட்டவரை, ஒன்றுமில்லை என்று வீட்டில் வைத்திராமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சயனைடைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகின்றேன். எவ்வளவு கூலி கொடுத்தாலும், எந்தக் கடைக்காரர் கேட்டாலும், அது நம் இல்லத்தின் வாயிற்படியைத் தாண்டலாகாது. அமிலத் துளி பட்ட அளவிலேயே உயிர் மாய்க்கும் வாயுவை அது வெளியிடும். அவ்வேலை தேவைப்படும் நகையை, உரிமமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் உள்ள தொழிற்கூடத்திற்கு அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தக் கரைசலையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைத்தல் கூடாது. பெயர் எழுதி ஒட்டி, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். பட்டறைப் பாத்திரம் அடுக்களைக்கும், அடுக்களைப் பாத்திரம் பட்டறைக்கும் செல்லலாகாது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

பயன்படுத்திய நீரைச் சாக்கடையில் கொட்டும் வழக்கத்தைப் பற்றி நம்மவரிடம் நான் சிறப்பாகப் பேச வேண்டும். நாம் நீரை வடிகட்டிப் பருகும் குலத்தார். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐந்திலும் ஓரறிவுயிர் உண்டு என்று நம்புகின்றவர்கள். நம் பட்டறை நீரில் செம்பு கரைந்திருக்கின்றது. செம்புக் கரைசல் மீனுக்கும் நத்தைக்கும் கொடிய நஞ்சு. குடிக்கும் நீரை வடிகட்டும் நாம், வெளியேற்றும் நீரை வடிகட்டாமல் விடலாமா? பூந்திக்கொட்டை நீர் இயற்கையானது, கையையும் உறுத்தாது. எனினும் அதுவும் மீனுக்கு ஆகாது என்பதால் ஏரி, குளத்தில் ஊற்றலாகாது.

முறை எளிது. அமில நீரைத் தனிக் கலத்தில் சேர்த்து, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். அமிலம் தணிந்தபின்னும், செம்பு நீலப்பச்சை வண்டலாக இறங்கும் வரை இன்னும் சிறிது சேர்த்துத் தெளியவிட வேண்டும். சாதாரணக் கழுவு நீரை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாளிகளில் தேக்கித் தெளியவைத்தால் உலோகத் துகள் பெரும்பகுதியும் அடியில் தங்கும். வண்டலை உலர்த்தி மூடிவைத்துப் பொன் பிரித்தெடுப்போரிடம் கொடுக்கலாம். அதில் பொன்னும் வெள்ளியும் இருப்பதால் இதனால் இழப்பும் இல்லை. நகைப் பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுத்துப் பிழைப்போர் இருப்பதே, நாம் எவ்வளவு பொன்னையும் நஞ்சையும் சேர்த்தே வெளியில் விடுகின்றோம் என்பதற்குச் சான்று.

மூன்றாவது, நாம் கையாளும் பொருள்கள்.

மெருகுக் கட்டியைப் பிணைத்து வைத்திருப்பது கொழுப்பு. பழைய முறைப்படி அது விலங்குக் கொழுப்பே. இக்காலத்தில் தாவரக் கொழுப்பிலும் மெழுகிலும் செய்தவை உண்டு. கட்டியைப் பார்த்து வேறுபாடு காண இயலாது. விற்பவரிடம் கேட்டு, எழுத்தில் உறுதி பெற்று வாங்க வேண்டும். தேய்க்கும் தூரிகைகளில் பன்றி மயிரால் ஆனவை உண்டு. நைலான் தூரிகை அதே வேலையைச் செய்யும். கம்பளிச் சக்கரத்திற்கும் தோல் சக்கரத்திற்கும் பதிலாகப் பருத்தித் துணிச் சக்கரம் போதும். சிறு நகையை அசையாமல் பதித்துப் பிடிக்க அரக்கு பயன்படுத்துவர். அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் நுண்பூச்சிகள் சுரந்து தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்ளும் கூடு. கிளையைச் சுரண்டி எடுக்கும்போது எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. அரக்கு வணிகத்தை ஆகாத தொழில்களுள் ஒன்றாக நம் நூல்கள் விலக்கியிருப்பது இதனால்தான். குங்கிலியமும் செங்கற்பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பதிப்பு மெழுகு, உலோகத் தகட்டில் உருவம் புடைப்போரிடம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அதனை நாமும் பயன்படுத்தலாம்.

நான்காவது, பிறர் பொன்.

மெருகு என்பது தேய்மானம். தேயாமல் பொன் மின்னாது. 40 கிராம் சங்கிலி ஒன்று மெருகில் 80 மில்லிகிராம் குறைகின்றது என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறு 50 சங்கிலிகளுக்கு 4 கிராம், அரைப் பவுன். இந்த அரைப் பவுன் யாருடையது? பெட்டியின் வடிகட்டியிலும், வாளியின் அடியிலும், துடைத்த துணியிலும் இருப்பதால் அது நம்முடையதாகிவிடுமா? கள்ளாமை அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களில், அளவையைக் குறைத்தும் கூட்டியும் கொடுத்தலையும், கலப்படத்தையும் நம் நூல்கள் திருட்டோடு சேர்த்தே எண்ணியுள்ளன. அருங்கலச்செப்பு முதலிய இல்லறநெறி நூல்களைப் பயின்ற பெரியோர் இதனை அறிவர்.

ஆகவே வாங்கும்போதும் கொடுக்கும்போதும் மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்து, இரு தரப்பும் கையொப்பமிடும் ஏட்டில் எழுதுங்கள். தூசியில் கிடைக்கும் பொன் கடைக்காரருக்கா, கூலியின் பகுதியாக நமக்கா என்பதை முதல் நாளிலேயே வெளிப்படையாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேசிப் பெற்றது கூலி. பேசாமல் வைத்துக்கொண்டது வேறு. நகையில் பொறித்துள்ள ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. முத்திரை, 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்குக் கட்டாயமாகியுள்ளது. அம்முத்திரை இருக்கும் இடத்தை மென்மையாகத் தேய்க்க வேண்டும். அது அழிந்தால் வாங்குவோர்க்குப் பொன்னின் தரத்தை உறுதி செய்யும் வழி அடைபடும். தூசியை அடக்குபவருக்கே இக்கணக்கு சரியாக வரும் என்பதையும் நோக்குங்கள். காற்றில் பறக்கவிட்டவரால் கணக்குக் காட்ட இயலாது. நுரையீரலைக் காக்கும் பெட்டியே நாணயத்தையும் காக்கின்றது.

ஐந்தாவது, காலமும் இடமும்.

இரவில் ஒளிமிக்க விளக்கின்கீழ் மெருகிட்டால் பூச்சிகள் விளக்கை நாடி வந்து சக்கரத்திலும் ஊதுகுழல் தீயிலும் விழும். பகலவன் மறையுமுன் உண்ணும் நம் நியமம் இங்கே தொழிலுக்கும் நல்ல எல்லை வகுக்கின்றது. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னரே மோட்டாரை நிறுத்தி, இடத்தைத் துடைத்து, நீராடி, குடும்பத்தோடு உண்ண அமருங்கள். பட்டறைக்கு மூடும் கதவுள்ள தனி அறை வேண்டும். அடுக்களை, படுக்கையறை, பூசை அறை ஆகியவற்றின் காற்று அதனோடு கலக்கலாகாது. அத்தகைய இடம் இல்லாத வீட்டில் மோட்டார் வைக்காமல், தூசி எழாத ஈர முறையை மட்டும் மேற்கொள்ளுதலே நன்று.

துறவியர்க்கு விதித்த ஐந்து சமிதிகளில் இரண்டை இங்கே நினைவூட்ட விரும்புகின்றேன். ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்க்குத் தீங்கு நேராமல் கவனித்தல் ஒன்று. கழிவுகளை உயிர்க்குத் தீங்கு நேராத இடத்தில் நீக்குதல் மற்றொன்று. மயிற்பீலியால் தடவிப் பார்த்துப் பொருளை வைக்கும் முனிவரின் கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் நம் பட்டறையில் இருந்தால், நான் இதுவரை சொன்னவை யாவும் தாமே நிறைவேறிவிடும்.

"இவ்வளவும் செய்தால் வேலை தாமதமாகும், கடைக்காரர் வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சில வேலைகள் கைவிட்டுப் போகவும் கூடும். அதனை நான் மறைக்கவில்லை. பெட்டிக்கும் உறிஞ்சும் கருவிக்கும் முகக்கவசத்திற்கும் பணம் வேண்டும். அதனால்தான் இந்த அவையில் பேசுகின்றேன். ஒரு குடும்பத்தால் இயலாததை நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் செய்யலாம். ஒரு பொது அறையை வாடகைக்கு எடுத்து, தூசிப் பெட்டியும் காந்தக் கருவியும் அமைத்து, முறைவைத்துப் பயன்படுத்தலாம். அதற்கு முதற்பொருள் உதவுவதைக் குறித்து அறக்கட்டளைப் பெரியோர்கள் ஆராய வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகின்றேன். உணவு, மருந்து, கல்வி, அபயம் எனத் தானம் நால்வகை. உழைப்பவரின் மூச்சைக் காக்கும் கருவி அபயதானத்தில் சேரும் என்றே நான் கருதுகின்றேன். தானம் தொடங்கிய இந்நாளைவிட அதற்கு ஏற்ற நாள் வேறில்லை.

ஏற்கெனவே இத்தொழிலில் இருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் மோட்டாரை இயக்குமுன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். மேல்விசிறியை நிறுத்துங்கள். சரியான முகக்கவசம் அணியுங்கள். கழுவு நீருக்கு ஒரு வாளி வையுங்கள். பெட்டியும் வடிகட்டியும் அடுத்த மாதம் வரட்டும். வறட்டு இருமலோ, படியேறினால் மூச்சிரைப்போ சில வாரங்களாக இருந்தால், மருத்துவரிடம் சென்று உங்கள் தொழில் இன்னதென்று தவறாமல் சொல்லுங்கள். தொழிலைச் சொல்லாவிட்டால் அவர் நோயின் காரணத்தை எளிதில் அறிய இயலாது.

நகையை அணிபவர் அதன் ஒளியை மட்டுமே காண்பர். அந்த ஒளிக்காக ஒரு குழந்தையின் மூச்சு கெடவில்லை, ஒரு குளத்தின் உயிர்கள் மடியவில்லை, ஒருவர் பொன்னும் மறையவில்லை என்று நெஞ்சறியச் சொல்லக்கூடிய இல்லங்கள் நம்முடையவாக இருக்கட்டும். 

அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக! வாழ்க ஜின தர்மம்!